மொட்டை மூக்கு லாரியை ஓட்டியவர்

சாக்கு விரித்து, மல்லாந்து படுத்து, லாரிக்கு அடியில் கிடக்கிறேன். கையில் கம்பி பிரஷ். கண்ணிலும் வாயிலும் துருத்தூள். பேரையூர்ப் பக்கம் ஒரு ஜின்னிங் மில்லின் பின்புறம் அது. பருத்திக்கொட்டைப் புழுக்கமும், பழைய கிரீஸ் வாடையும், ஆட்டுப்புழுக்கை நாற்றமும் சேர்ந்து வெயிலில் கொதிக்கின்றன. முன் அச்சைத் தேய்க்கத் தேய்க்க, அப்பிக் கிடந்த கரி உதிர்ந்து, இரும்பில் வார்த்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன.

தலைக்குப் பக்கத்தில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"என்னப்பா, பொதையல் ஏதும் கெடைச்சுச்சா?"

மில் முதலாளி ராஜசேகர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நாங்கள் ஒரே ஊர். ஒரே ஆரம்பப் பள்ளிக்கூடம். அவர் வீடு ஊருக்குள். எங்கள் வீடு காலனியில்.

"நம்பர் தெரிய ஆரம்பிச்சிருச்சு சார். இன்னும் கொஞ்ச நேரம்."

"பாரு, பாரு. போறப்ப பின்கேட்டு வழியாவே போயிரு. முன்னாடி ஆபீஸ்ல ஆளுக உக்காந்திருக்காக."

வரும்போதும் பின்கேட்டு வழியாகத்தான் வந்திருந்தேன். அப்போது நான் மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். வகுப்புக்குள் நுழைந்தால் மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். பழங்காநத்தத்தில் நான் குடியிருந்த தெருவில் டீக்கடைக்காரர்கூட "சார்" என்பார். பேரையூர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதெல்லாம் கழன்று விழுந்துவிடும்.

எங்கே பிறந்த வண்டி?

பாலிடெக்னிக் வேலை கிடைத்த கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "எல்லாரும் பம்பு, பாய்லர்னு ஆராய்ச்சி பண்ணுன காலத்துல நீ ஏன்யா துருப்பிடிச்ச மிலிட்டரி லாரி பின்னால அலைஞ்ச?"

ஐம்பது வயது தாண்டிய வாசகர்களுக்கு அந்த வண்டிகள் நினைவிருக்கும். யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட லாரிகள். மதுரையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அவைதான் ஓடின. மேலே தகரக் கூண்டு கட்டிப் பஸ்ஸாக ஓடின. கொடைக்கானல் மலையில் மரம் இறக்கின. மேலூர்ப் பக்கம் கல் சுமந்தன. மற்ற லாரிகளுக்கு இஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்கு மூக்கையே நசுக்கிவிட்டது போல முகம் சப்பையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் மொட்டை மூக்கு லாரி என்பார்கள்.

அது யார் செய்த வண்டி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஜெர்மன்காரன் வண்டி என்பார் ஒருவர். ஜப்பான்காரனிடம் பிடித்தது என்பார் இன்னொருவர். எங்கள் பாலிடெக்னிக்கில் ஒரு மூத்த விரிவுரையாளர், "அது டாங்கிக்குச் செஞ்ச இஞ்சின், அதான் அம்புட்டு பலம்" என்று அடித்துச் சொன்னார்.

யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டிய காரணம் எனக்கு மட்டும் இருந்தது.

மூட்டைமேல் உட்கார்ந்தவர்

காரணம், என் தகப்பனார் மாயாண்டி. அவரை நாங்கள் அய்யா என்போம். ஊரில் அவர் அய்யா என்று கூப்பிடவேண்டிய ஆட்கள் ஏகப்பட்டபேர் இருந்தார்கள். அவரை அய்யா என்று கூப்பிட்டது பெற்ற பிள்ளைகள் நாங்கள் மட்டும்தான்.

யுத்த சமயத்தில் திருமங்கலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று வேளைச் சோறு என்ற ஒரே வார்த்தைக்காக அய்யா போய் வரிசையில் நின்றார். வடக்கே எங்கோ கொண்டுபோய் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகு அஸ்ஸாமிலும் பர்மா எல்லையிலும் யுத்தம் முடியும்வரை இந்த மொட்டை மூக்கு லாரியைத்தான் ஓட்டினார்.

அந்த எல்லை மலை ரோட்டைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். எப்போதாவது வாய் திறந்தால் ஒன்றே ஒன்றைச் சொல்வார்: "முன்னால போன வண்டி பள்ளத்துல கெடக்கும். அதப் பாக்கக் கூடாது. பாத்தா நம்ம கையும் அந்தப் பக்கமே திரும்பிரும்."

இஞ்சின் அந்த வண்டியில் கேபினுக்குள்ளேயே பாதி நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவரின் இடது கால் அதன் மூடியை ஒட்டியே கிடக்கவேண்டும். அய்யாவின் இடது கெண்டைக்காலில் முடியே முளைக்காத கறுத்த தோல் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உண்டு. சின்ன வயதில் அதை மச்சம் என்று நினைத்திருந்தேன்.

யுத்தம் முடிந்து லைசென்ஸோடு ஊருக்கு வந்தார். ராஜசேகரின் அப்பா, ஊரில் பெரியவர் என்றாலே அவர்தான், அந்தச் சமயத்தில் ஏலத்தில் ஒரு லாரி எடுத்திருந்தார். அதே மொட்டை மூக்கு. அய்யா காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு பெரியவர் வீட்டு வாசலுக்குப் போனார்.

"இந்த வண்டி எனக்கு நல்லா ஓட்டத் தெரியும் முதலாளி."

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அய்யா மறந்திருப்பார். பெரியவர் சிரித்தாராம்.

"நீ ஓட்டுவ மாயாண்டி. பக்கத்துல கணக்கப்பிள்ளை உக்காரணும்ல? அவரு எப்பிடி உக்காருவாரு?"

மதுரையிலிருந்து ஒரு டிரைவரைக் கொண்டுவந்தார்கள். அய்யாவை லோடு ஏற்றும் ஆளாக வைத்துக்கொண்டார்கள். பருத்திப் பொதியை முதுகில் சுமந்து ஏற்றலாம். ஏற்றிய பொதியின் மேல் உட்கார்ந்து போகலாம். கேபினுக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது. வண்டியைக் கழுவும்போதுகூட உள்பக்கத்தை டிரைவரே துடைத்துக்கொள்வார்.

நான் கல்லூரிக்குப் போகும்வரை அய்யா அந்த வண்டியில்தான் பொதி ஏற்றினார். மதுரை டிரைவருக்கு அந்த கியர் கடைசிவரை பிடிபடவில்லை. மேடு ஏறும்போது கியர் கடிபட்டுக் கதறும். ஒருமுறை நானும் பொதிமேல் அவரோடு போனேன். ஒவ்வொரு கதறலுக்கும் அய்யாவின் இடது பாதம் பருத்தியை அழுத்தி அழுத்தி மிதித்ததைப் பார்த்தேன். கீழே கிளட்ச் இல்லை. பருத்திதான் இருந்தது.

வாடிப்பட்டிக் கிணறு

ஆராய்ச்சிக்கு வருகிறேன். டீசல் லாரி வந்த பிறகு பெரியவர் வீட்டு வண்டி மில்லுக்குப் பின்னால் ஓய்ந்து நின்றுவிட்டது. பெட்ரோல் குடிக்கிற வண்டியை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. பெரியவரும் காலமாகிவிட்டார். ராஜசேகரிடம் அனுமதி கேட்டபோது, "பாத்துட்டுப் போ. எழுதுனா எனக்கும் ஒரு காப்பி குடுத்துரு" என்றார்.

அய்யாவையும் கூப்பிட்டேன். அதற்குள் அவர் மில் வேலையை விட்டுவிட்டிருந்தார். "நான் அந்தக் கேட்டுக்குள்ள வாரதில்லப்பா. நீ போய்ட்டு வா" என்றார்.

இஞ்சினிலும் அச்சிலும் வார்த்திருந்த எண்களை எல்லாம் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில், யுத்த காலத்துப் பராமரிப்புக் கையேடுகளின் அட்டை கிழிந்த கட்டு ஒன்று கிடந்தது. லீவு நாட்களை எல்லாம் அதில் செலவழித்தேன். என் மனைவி, "கட்டுனவளவிட அந்த லாரிகூடத்தான் குடும்பம் நடத்துறீக" என்று சொல்லிக்காட்டினாள்.

மெல்ல மெல்லத் துலங்கியது. வண்டியைச் செய்த நாடு ஜெர்மனியும் இல்லை, ஜப்பானும் இல்லை. கனடா. அளவுகளைச் சொன்னவன் இங்கிலாந்துக்காரன். கப்பலில் இடத்தை அடைக்காமல் பெட்டியில் அடுக்கவும், சாமான் ஏற்றும் பின்பகுதியின் நீளம் குறையாமல் இருக்கவும்தான் மூக்கை நசுக்கியிருக்கிறார்கள். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பது, வெயில் பட்டு மின்னி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்க. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பம்பாயிலும் மதராஸிலும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

இஞ்சின் மட்டும் பிடி கொடுக்கவில்லை. யுத்தத்துக்கென்றே செய்ததா, இல்லையா?

விடை வாடிப்பட்டியில் கிடைத்தது. என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் மாமா அங்கே தோட்டக்காரர். ஒரு ஜமீன் வீட்டுப் பழைய காரை வாங்கி, உடம்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, இஞ்சினைக் கிணற்று மேட்டில் இறக்கித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாத நேரத்தில் மண்ணெண்ணெயில் அது ஓடும் என்று மாணவன் பேச்சுவாக்கில் சொன்னான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

ஓடிக்கொண்டிருந்த சத்தமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நிறுத்தச் சொல்லி, ஆறவிட்டு, பக்கவாட்டில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினேன். எண் தெரிந்தது. பையிலிருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே எண். ஒரே வார்ப்பு. ஆறு சிலிண்டரும் அடங்கிய அதே இரும்புக் கட்டை.

"என்னா சார், மொகம் இப்பிடி மலந்து போச்சு?" என்றார் தோட்டக்காரர்.

"இதோட கூடப்பொறந்தது சண்டைக்குப் போயிருக்குண்ணே. லாரில."

"இதுவா? ஜமீன்தார் மக கோயிலுக்குப் போன காரு சார் இது!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேள, இது போகல. போயிருந்தா என் வாழைக்கு எவன் தண்ணி பாய்ச்சுறது?"

கிணற்று மேட்டில் வாழை இலை சரசரக்க நின்ற அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கையில் நான் கலப்படமில்லாமல் சந்தோஷமாக இருந்த நேரங்களில் ஒன்று. இதை இந்தத் தொடரில் அடிக்கடி எழுத வாய்ப்பில்லை என்பதால் இங்கே பதிந்து வைக்கிறேன்.

முன் அச்சின் கதையும் அப்படித்தான். முன்சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் அந்த மூட்டு, அமெரிக்காவில் சேற்றிலும் எண்ணெய் வயல்களிலும் சுமை இழுத்த லாரிகளுக்காக முதலில் செய்தது. ஆக, அந்த வண்டியில் பட்டாளத்துக்கென்று பிறந்தது ரொம்பக் கொஞ்சம். வீட்டுக் காரும் காட்டு லாரியும் சேர்ந்து காக்கி உடுத்திக்கொண்டவைதான்.

ஊருக்குப் போய் அய்யாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"அதயும் பட்டாளத்துக்குப் புடிச்சுட்டுப் போயிட்டாய்ங்களா?" என்றார்.

அச்சில் ஒரு பெயர்

பொறியாளர் சங்கம் ஒன்றின் பத்திரிகை என் கட்டுரையை ஆங்கிலத்தில் வெளியிட்டது. கடைசிப் பகுதியில், இந்த வண்டியைப் பர்மா எல்லையில் ஓட்டியவர் என்று அய்யாவின் பெயரைப் போட்டு, பள்ளத்தில் கிடக்கும் வண்டியைப் பார்க்கக் கூடாது என்று அவர் சொன்னதையும் சேர்த்திருந்தேன்.

அய்யாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பட்டாளத்தில் இங்கிலீஷ் எழுத்தை வைத்து இந்துஸ்தானி வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஊருக்கு வந்த பிறகு அது எதற்கும் உதவவில்லை. ஆனால் தன் பெயரை அடையாளம் காண்பார். பக்கத்தைக் காட்டியதும் விரலை வைத்து எம், ஏ, ஒய் என்று கூட்டிப் படித்தார். அந்தப் பத்திரிகையை வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

சொன்னபடி ராஜசேகருக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

சில வருஷங்கள் போயின. எண்பதுகளின் நடுவில் மதுரையில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று நடந்தது. பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. ராஜசேகரின் லாரியும் வருகிறது என்று கேள்விப்பட்டேன். வண்டியைப் பார்த்தால் அய்யா சந்தோஷப்படுவார் என்று ஊரிலிருந்து அவரை அழைத்து வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, நன்றாகச் சவரம் செய்துகொண்டு வந்தார்.

மைதானத்தில் வண்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். எங்கள் லாரிக்கு, நாக்கு தவறி எங்கள் லாரி என்று எழுதிவிட்டேன், புதுப் பச்சைப் பெயின்ட். பக்கத்தில் ஸ்டாண்டு வைத்து, தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு. அய்யா வண்டியைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டுக் கயிறுவரை போய்விட்டார்.

போர்டில் இருந்த இங்கிலீஷ் முழுக்க என்னுடையது. மூக்கு நசுங்கிய காரணம், முன்கண்ணாடியின் சாய்வு, இஞ்சின் பிறந்த இடம் என்று என் வாக்கியங்கள் முற்றுப்புள்ளியோடு அப்படியே இருந்தன. என் பெயர் இல்லை. அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது, கடைசி வரியைப் படிக்கும்வரை. இந்த வண்டியைப் பர்மா எல்லையில் ஓட்டி நாட்டுக்குச் சேவை செய்தவர் என்று ராஜசேகரின் தகப்பனார் பெயர் போட்டிருந்தது.

அய்யா போர்டின் முன்னால் குனிந்து நின்றார். எம், ஏ, ஒய் என்ற எழுத்துகளைத் தேடினார். மேலிருந்து கீழே ஒருமுறை. மறுபடியும் மேலிருந்து.

"நம்ம பேரு எந்த எடத்துலப்பா இருக்கு?"

நான் உள்ளதைச் சொன்னேன். அவர் லாரிப் பக்கம் திரும்பினார்.

"பெரியவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே" என்றார்.

அதற்குள் ராஜசேகர் மைக்கைப் பிடித்திருந்தார். நன்றாகப் பேசக்கூடியவர். "எங்கப்பா அடிக்கடி ஒண்ணு சொல்வாங்க. முன்னால போன வண்டி பள்ளத்துல கெடக்கும், அதப் பாக்கக் கூடாது, பாத்தா நம்ம கையும் அந்தப் பக்கமே திரும்பிடும்..."

கூட்டம் கைதட்டியது. அய்யா தலையைக் குனிந்துகொண்டார். திருடு கொடுத்தவர் போலத் தெரியவில்லை. திருடும்போது பிடிபட்டவர் போல நின்றார். இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான்.

ராஜசேகர் மைக்கை விட்டு வந்ததும் போய் மறித்தேன்.

"சார், இது எங்கய்யா சொன்னது. ஓட்டுனதும் அவருதான். அந்தா நிக்கிறாரு."

ராஜசேகர் என் தோளில் கைபோட்டார். அதுவரை ஒருநாளும் போட்டதில்லை.

"விடுப்பா. வண்டின்னா அதுக்கு ஒரு குடும்பக் கத வேணும்ல? மாயாண்டி ஓட்டுனது இந்த வண்டியையேவா? இத மாதிரி ஒண்ணு. எங்கப்பா யுத்த நிதி குடுத்தவரு, அதுவும் சேவைதான. ஒன் பேரு வேணா அடுத்த வாட்டி கீழ போடச் சொல்றேன்."

"எம்பேரு வேணாம் சார்."

"அப்பறம் என்னா?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு விழா நடத்தியவர்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. கட்டுரை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதினேன். சொந்தத் தகராறுகளைப் பிரசுரிப்பதில்லை என்றார்கள். அதெல்லாம் பிறகு.

அன்று மாலை அணிவகுப்பு கிளம்பியது. லாரி கயிற்றைத் தாண்டி, மைதானத்து வாசலில் குறுக்கே வந்து நின்றுவிட்டது. பின்னால் கார்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. வாடகைக்குப் பிடித்த டிரைவர் உள்ளே உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை மிதித்தார். ராஜசேகர் இறங்கி, தள்ளுவதற்கு ஆள் தேடினார். கூட்டத்தில் அவர் கண் போய் நின்ற இடம் அய்யா.

"மாயாண்டி! வா வா, ஒரு கை குடு!"

நான் அய்யாவின் முழங்கையைப் பிடித்தேன். "போகாதீக. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். போனார்.

தள்ள வந்தவர்கள் எல்லாரும் பின்பக்கம் போனார்கள். அய்யா மட்டும் டிரைவர் பக்கக் கதவுக்குப் போனார். நின்ற வண்டியில் ஸ்டியரிங் பாறையாக இருக்கும். தனியாளாகத் திருப்ப முடியாமல் திணறிய டிரைவர், அய்யா யாரென்று தெரியாமலே, "பெரியவரே, அப்பிடியே வெளியேருந்து சேத்து ஒடிங்க" என்றார்.

அய்யா ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி நகர்ந்தது. அவர் தோளால் தள்ளிக்கொண்டே, அதைத் திருப்பிக்கொண்டே நடந்தார். ஓரமாக நிறுத்திய பிறகும், டிரைவர் "போதும் பெரியவரே" என்ற பிறகும், கையை உடனே எடுக்கவில்லை.

பழங்காநத்தம் பஸ்ஸுக்கு நின்றோம். என்னால் அடக்க முடியவில்லை.

"அம்புட்டுத் தூரம் பேசுனவன் கூப்பிட்டதும் ஓடிப் போய்த் தள்ளுறீக. மானம் இல்லையா அய்யா நமக்கு?"

அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"ஊருக்கு வந்ததுலேருந்து அந்த ஸ்டியரிங் வளையத்த ஒருதடவ புடிச்சுப் பாத்துரணும்னு இருந்துச்சுப்பா" என்றார். "தள்ளுறவன எவனும் வேணாம்னு சொல்ல மாட்டான்ல."

பஸ் வந்து நின்றது. அவரை முன்னால் ஏறச் சொன்னேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.